பாலூட்டும் தாயும் அவள் உண்ணும் மருந்தும்

காஞ்சிபுரத்தில் பஜ்ருத் தொழுகை முடிந்து வெளியே வந்தால் தறியோசை காதில் விழும். முன்னைப்போல் வீட்டுக்கு வீடு கேட்பதில்லை. எனினும் பிள்ளையார்பாளையத்துப் பக்கம் இன்னும் சில குழித்தறிகள் விடியலுடனேயே விழித்துக்கொள்கின்றன. கோயில்களாலும் பட்டாலும் புகழ்பெற்ற இவ்வூரில் பட்டு நூல் வாணிபம் செய்து வாழும் குடும்பம் எங்களுடையது. சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு விடியலில், பள்ளிவாசலிலிருந்து நேரே தம் இல்லத்துக்கு வரும்படி என் தமக்கையார் ஆளனுப்பியிருந்தார். அங்கே என்னிடம் கேட்கப்பட்ட கேள்வியும் நான் அளித்த விடையுமே இக்கட்டுரை எழுதக் காரணம். அந்த விடை தவறானது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தமக்கையாரின் மருமகளுக்கு இரண்டாவது பெண் குழந்தை பிறந்து ஐம்பது நாள் ஆகியிருந்தது. நாற்பதாம் நாள் குளிப்பும் முடிந்துவிட்டது. குழந்தை நலம், தாய்க்கும் காய்ச்சலோ புண்ணோ ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பெண் உறங்குவதில்லை. குழந்தை உறங்கும் வேளையிலும் கூரையைப் பார்த்தபடி கிடக்கிறாள். உணவு இறங்குவதில்லை. கேட்டால் காரணம் சொல்லத் தெரியாமல் கண்ணீர் வடிக்கிறாள். கணவர் அவளை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். மகப்பேற்றை அடுத்து வரும் மனச்சோர்வு இது என்று கூறி, அம்மருத்துவர் ஒரு மாத்திரையை எழுதிக் கொடுத்தார். பால் கொடுத்துக்கொண்டே உண்ணலாம் என்றும் சொன்னார்.

வீட்டார்க்கு அதுதான் உறுத்தியது. மூளையைத் தொடும் மருந்து பாலில் இறங்கி, பேசத் தெரியாத பச்சிளங்குழந்தையின் உடலுக்குள் போவதா? மாத்திரை உண்பதாயின் பாலை நிறுத்தவேண்டாமா? பாலைக் கொடுப்பதாயின் மாத்திரையை விடவேண்டாமா? குடும்பத்தில் நாலு புத்தகம் படித்தவன் என்ற பெயர் எனக்கு உண்டு. ஆகவே தீர்ப்பு என் கைக்கு வந்தது.

நான் சற்றும் தயங்கவில்லை. “தாய்ப்பால் குழந்தைக்கு இறைவன் அளித்த உணவு. அதில் மருந்தைக் கலப்பது முறையா? கொஞ்சநாள் பொறுத்துக்கொள்ளட்டும். துஆச் செய்வோம்” என்றேன். எல்லோருக்கும் நிம்மதி. மருத்துவர் எழுதித் தந்த சீட்டு மடிக்கப்பட்டு அலமாரிக்குள் போயிற்று. அந்தப் பெண் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளை நாங்கள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்துத் தமக்கையார் மறுபடியும் ஆளனுப்பினார். “தம்பி, பால் கொடுக்கிறாள். ஆனால் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதில்லை” என்றார். உள்ளே சென்றேன். தூளியில் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. எட்டிப் பிடிக்கும் தொலைவில் அவள் அமர்ந்திருந்தாள், கை நீளவில்லை. என்னம்மா என்று கேட்டேன். “நான் போய்விட்டால் இந்தப் பிள்ளைகளுக்கு நல்ல அம்மா ஒருத்தி வருவாள், மாமா” என்றாள். கடைக்கு ஆளனுப்பி அரிசி வாங்கிவரச் சொல்லும் குரலில் அதைச் சொன்னாள். அழுதிருந்தால்கூட நான் அவ்வளவு அஞ்சியிருக்க மாட்டேன்.

அன்று பிற்பகலே அவளை மீண்டும் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவள் நலமடைந்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுவது வாசகர்க்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் என் மனத்தில் அன்று எழுந்த கேள்வி நலமடையவில்லை. நல்ல எண்ணத்தோடு, மார்க்கத்தின் பெயராலும் குழந்தையின் பெயராலும் சொல்லப்பட்ட ஒரு விடை, ஒரு பெண்ணைச் சாவின் விளிம்புவரை எப்படிக் கொண்டுபோயிற்று? அந்த விடையில் பிழை எங்கே இருந்தது?

முதற்பிழை கேள்வியிலேயே இருந்தது. மருந்து உண்பது ஒரு செயல், அதில் ஆபத்து உண்டு. உண்ணாமலிருப்பது செயலன்று, அதில் ஆபத்து இல்லை என்று நாங்கள் கருதிக்கொண்டோம். தராசின் ஒரு தட்டில் மட்டும் கல்லை வைத்துவிட்டு மறுதட்டைப் பார்க்காமலே எடை சொன்னோம். உண்மையில் மருந்து வேண்டாம் என்பதும் ஒரு முடிவுதான். அதற்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைத் தாயும் குழந்தையும் செலுத்துவார்கள். முடிவு சொன்னவர் செலுத்துவதில்லை.

மறுதட்டில் இருப்பது என்ன என்பதைக் காண்போம். பிள்ளை பெற்ற முதல் சில நாட்களில் பெண்களிற் பெரும்பாலோர்க்கு மனம் தளும்பும். சிரிப்பும் அழுகையும் மாறிமாறி வரும். இரண்டு வாரத்துக்குள் அது தானே அடங்கிவிடும். அதற்கு ஓய்வும் அன்பும் போதும். ஆனால் இரண்டு வாரம் கடந்தும் துயரம் நீடித்து, உறக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பற்று, தன்மீதே குற்றஞ்சாட்டும் எண்ணங்கள் சூழுமாயின் அது நோய். இதனினும் கடுமையான ஒன்றும் உண்டு: ஆயிரம் பேற்றில் ஒருவர் அல்லது இருவர்க்கு அறிவு பேதலித்து, இல்லாத குரல் கேட்டு, பொல்லாத எண்ணங்கள் எழும். அது ஒருநாளும் காத்திருக்கக்கூடாத அவசர நோய்.

மனச்சோர்வு மேல்நாட்டாரின் நோய், நம் வீடுகளுக்கு வாராதது என்று எண்ணுவோர் உண்டு. காஞ்சிக்கு மேற்கே சற்றுத் தொலைவில்தான் வேலூர் இருக்கிறது. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தோர் கணியம்பாடி வட்டாரத்துச் சிற்றூர்களில் கருவுற்ற பெண்களைக் கண்டு பேசி, பேற்றுக்குப் பின்னும் சென்று பார்த்தனர். 2002ஆம் ஆண்டு வெளியான அவ்வாய்வின்படி, பேற்றுக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானோர் நூற்றுக்கு 11 பேர். யாருக்கு இந்நோய் மிகுதியாக வந்தது என்றும் அவர்கள் ஆராய்ந்தார்கள். வருவாய் குறைந்தோர், ஆண் குழந்தையை விரும்பியிருந்த வீட்டில் பெண் பெற்றோர், மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு உள்ளோர், கருவுற்ற காலத்தில் துன்பம் கண்டோர், கைவேலைக்கு உதவியற்றோர். இந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்கு மருத்துவ ஆய்வு ஒன்றைப் படிப்பதாகத் தோன்றவில்லை. நம் தெருவில் ஒரு சுற்று நடந்துவந்ததுபோல் இருந்தது. இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்ததற்கு எங்கள் வீட்டில் யாரும் முகஞ்சுளிக்கவில்லை என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அவள் என்ன கேட்டாள், யார் வாயிலிருந்து கேட்டாள் என்பதை நான் அறியேன்.

தாயின் சோர்வு தாயோடு நிற்பதில்லை என்பதையும் அதே வேலூர்ப் பகுதியில் கண்டிருக்கிறார்கள். ஊட்டம் குன்றிய குழந்தைகளின் தாய்மாரையும் ஊட்டமுள்ள குழந்தைகளின் தாய்மாரையும் ஒப்பிட்டு 2004இல் வெளியான ஆய்வு, முன்னவரிடையே பேற்றுக்குப் பிந்திய மனச்சோர்வு கூடுதலாக இருந்ததாகக் கூறுகிறது. பாகிஸ்தானின் ராவல்பிண்டிச் சிற்றூர்களிலும் அவ்வாண்டே இத்தகைய முடிவு கிடைத்தது. குழந்தை தாயிடமிருந்து பாலை மட்டும் பெறுவதில்லை. அவள் பார்வையையும் பேச்சையும் தொடுகையையும், அழுதால் நீளும் கையையும் சேர்த்தே பெறுகிறது. எங்கள் தூளியருகே அந்தக் கை நீளாதிருந்ததை நான் கண்ணாற் கண்டேன். பாலைத் தூய்மையாக வைத்துவிட்டோம் என்று நாங்கள் மகிழ்ந்திருந்த நாட்களில் குழந்தை இழந்துகொண்டிருந்தது இதைத்தான்.

இரண்டாவது பிழை, நோயைப் பொறுமைக்குறைவாக எண்ணியது. ஈமான் உறுதியாக இருந்தால் மனம் தளராது என்று நம்மிற் பலர் சொல்கிறோம். நம் முன்னோர் அப்படிச் சொல்லவில்லை. கி.பி. 850 முதல் 934 வரை வாழ்ந்த அபூ ஸைத் அல் பல்கி என்னும் அறிஞர் உடல்நலத்தையும் உளநலத்தையும் ஒருசேர வைத்து நூல் செய்தவர். துயரத்தை அவர் இருவகையாகப் பிரிக்கிறார். ஒன்று, இழப்பு முதலிய தெரிந்த காரணத்தால் வருவது. மற்றது, துயருறுவோனுக்கே காரணம் தெரியாமல் உடலின் கோளாற்றால் வருவது. பின்னதற்கு உடலுக்குரிய மருத்துவமே வேண்டும் என்பது அவர் கருத்து. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு முஸ்லிம் அறிஞர் தெளிந்திருந்ததை, புத்தகம் படித்தவன் என்று பெயரெடுத்த நான் அன்று தெளியவில்லை.

திருமறையைத் திறந்து பார்த்தாலும் துயருற்ற தாயை இடித்துரைக்கும் சொல் கிடைப்பதில்லை. மர்யம் (அலை) அவர்கள் பேற்றுவலியில் பேரீச்ச மரத்தடியில் ஒதுங்கி, இதற்கு முன்பே இறந்திருக்கக்கூடாதா என்று ஏங்கியதாக 19ஆம் அத்தியாயம் சொல்கிறது. பெண்குலத்தின் திலகமாக நாம் போற்றும் அவர்களுக்கு, ஏன் இப்படிப் பேசுகிறாய் என்ற கண்டனம் வரவில்லை. கவலை வேண்டாம் என்ற ஆறுதல் வந்தது. காலடியில் நீர் வந்தது. மரத்திலிருந்து கனி வந்தது. மூஸா (அலை) அவர்களின் அன்னையார் தம் பால்குடிக் குழந்தையை ஆற்றில் விட்டபின் உள்ளம் வெறுமையாகிப் போனதை 28ஆம் அத்தியாயம் காட்டுகிறது. பிறகு அக்குழந்தை பாலருந்த அவரிடமே திருப்பித் தரப்பட்டது. எதற்காக? அத்தாயின் கண் குளிரவும் அவர் துயரம் தீரவும் என்று காரணமும் அங்கே கூறப்படுகிறது. தாயின் மனநிம்மதி இறைவனால் பொருட்படுத்தப்பட்ட ஒன்று. நாங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

பாலூட்டுதல் பற்றிய நேரான சட்டமோ 2ஆம் அத்தியாயத்தின் 233ஆம் வசனத்தில் இருக்கிறது. முழுமையாகப் பாலூட்ட விரும்புவோர்க்கு இரண்டாண்டு என்று வரையறுக்கும் அவ்வசனம், அங்கேயே நில்லாமல் தொடர்கிறது. குழந்தையைக் காரணமாக்கித் தாய்க்குத் தீங்கு நேரக்கூடாது, தந்தைக்கும் நேரக்கூடாது. இருவரும் மனமொப்பிக் கலந்து பேசிப் பால்மறக்கச் செய்தால் குற்றமில்லை. வேறொருத்தியைக் கொண்டு பாலூட்டினாலும் குற்றமில்லை. இவ்வளவு விரிந்த வசனத்தில் முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு பெண்ணைக் கட்டிப்போட முடியுமா? பெருமானார் (ஸல்) அவர்களே ஹலீமா அம்மையாரின் பாலருந்தி வளர்ந்தவர்கள் அல்லரோ! அதற்கெனத் தனிப் படலமே வகுத்து உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் பாடியிருப்பதை நம் வீடுகளில் மூத்தோர் அறிவர். அதனால் அன்னை ஆமினாவின் தாய்மைக்கு எவரும் குறைகண்டதில்லை.

இன்னுமொன்று. ரமலான் நோன்பு இஸ்லாத்தின் தூண்களில் ஒன்று. பாலூட்டும் பெண் தனக்கோ தன் குழந்தைக்கோ தீங்கு நேருமென அஞ்சினால் அந்நோன்பையும் விட்டுப் பிறகு நோற்கலாம் என்று சட்ட அறிஞர்கள் இசைவளிக்கிறார்கள். தனக்கோ என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டுகிறேன். குழந்தைக்காக மட்டுமன்று, அவளுக்காகவும் சலுகை உண்டு. கடமையான நோன்பே அவள் உடலுக்காக வழிவிடுகிறது என்றால், கடமையல்லாத எங்கள் தயக்கம் வழிவிட மறுத்தது எந்த நியாயத்தில்?

இனி முதல் தட்டுக்கு வருவோம். மருந்தின் தட்டு வெறுமையானது என்று சொல்ல நான் துணியமாட்டேன். தாய் உண்ணும் மனச்சோர்வு மருந்துகளெல்லாம் ஓரளவு பாலில் இறங்குகின்றன. எவ்வளவு என்பதே கேள்வி. மருத்துவர்கள் பாலையும் குழந்தையின் குருதியையும் சோதித்து இதை அளந்திருக்கிறார்கள். தாய் தன் எடைக்கேற்ப உண்ணும் அளவை 100 பங்காகக் கொண்டால், குழந்தைக்கு அதன் எடைக்கேற்பச் சேர்வது 10 பங்குக்குக் குறைவாயின் பொதுவாக ஏற்கத்தக்கது என்பது அவர்கள் கைக்கொள்ளும் அளவுகோல். பாலூட்டும் தாய்மார்க்கு முதலில் தேர்ந்தெடுக்கப்படுவனவற்றுள் ஒன்றாகிய செர்ட்ராலின் என்னும் மருந்தில் அது பெரும்பாலும் 3 பங்கைத் தாண்டுவதில்லை. குழந்தையின் குருதியில் அது பல வேளைகளில் அளக்கக்கூட அகப்படுவதில்லை. கருவிலிருக்கையில் நஞ்சுக்கொடி வழியே சேர்வதைவிடப் பால்வழி சேர்வது மிகக் குறைவு.

எல்லா மருந்தும் ஒன்றல்ல. ஃப்ளூஆக்ஸெட்டின் உடலில் நெடுநாள் தங்குவது. பால்வழியும் சற்றுக் கூடுதலாகச் சேர்வது. டாக்ஸெபின் என்னும் பழைய மருந்து குழந்தையின் மூச்சைத் தளர்த்திய நிகழ்ச்சி பதிவாகியிருப்பதால் அதனைத் தவிர்க்கிறார்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் நோயுற்ற குழந்தைக்கும் கூடுதல் எச்சரிக்கை தேவை. மருந்துண்ணும் தாயின் குழந்தை வழக்கத்தைவிட மிகுதியாக உறங்குகிறதா, பால் குடிக்க மறுக்கிறதா, ஓயாமல் சிணுங்குகிறதா, எடை ஏறுகிறதா என்று பார்த்துவரவேண்டும். அத்தாய்க்கோ அவள் நெருங்கிய உறவினர்க்கோ முன்னெப்போதேனும் மனம் மிதமிஞ்சிப் பொங்கி எழும் நோய் இருந்ததாயின் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும். அந்நிலையில் இம்மருந்தை மட்டும் கொடுப்பது தீங்காகலாம். மாத்திரை இன்றுண்டால் நாளை குணம் தெரியாது. இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். குணம் தெரிந்ததும் தானாக நிறுத்துவதும் கூடாது. இம்மருந்துகளோடு பாலருந்தி வளர்ந்த குழந்தைகளை நெடுங்காலம் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் இன்னும் குறைவு என்பதையும் மறைக்கக்கூடாது. பார்த்தவரையில் பெருந்தீங்கு தென்படவில்லை.

சிறிய, கண்காணிக்கத்தக்க ஓர் ஐயம் ஒரு தட்டில். தாயின் உயிரும் குழந்தையின் முதல் உறவும் மறுதட்டில். கடுமையான மனச்சோர்வில் தராசு எப்பக்கம் தாழும் என்பது இரு தட்டையும் பார்ப்பவர்க்குத் தெரியும். பிரிட்டனில் பேறுகால இறப்புகளை ஆண்டுதோறும் ஆராயும் அறிக்கைகள், பேற்றுக்கு ஆறு வாரத்துக்குப் பின் ஓராண்டுக்குள் நேரும் மரணங்களின் நேரடிக் காரணங்களில் தற்கொலை முன்னணியில் நிற்பதைக் காட்டிவருகின்றன. மருத்துவம் அத்தனை வளர்ந்த நாட்டிலேயே இந்நிலை.

ஆயினும் சோர்வுற்ற ஒவ்வொரு தாயும் மாத்திரை உண்டே ஆகவேண்டும் என்று சொல்வது என் நோக்கமன்று. ஒரு கண்மூடித்தனத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதில் பயனில்லை. நோய் மிதமாக இருக்கையில் முறையாகப் பேசித் தேற்றும் மருத்துவமே போதும். முன்சொன்ன ராவல்பிண்டிச் சிற்றூர்களில், மருத்துவப் பட்டம் பெறாத உள்ளூர்ச் சுகாதாரப் பெண்களுக்குப் பயிற்சியளித்து, தாய்மாரை வீடுதேடிச் சென்று பேசச் செய்தார்கள். 2008இல் வெளியான முடிவின்படி, குழந்தைக்கு ஆறு மாதமானபோது அவ்வாறு பேசப்பட்ட தாய்மாரில் நூற்றுக்கு 23 பேரிடமே மனச்சோர்வு எஞ்சியிருந்தது. பேசப்படாதோரில் 53 பேரிடம் இருந்தது. உறங்கவிடுவதும், வேலையைப் பகிர்வதும், வாய்திறந்து பேச இடம் தருவதும் எவ்வளவு பெரிய மருந்து என்பதற்கு இது சான்று. அதுபோலவே, மாத்திரையோடு பால்கொடுக்க மனம் ஒப்பாத தாய் பாலை நிறுத்திப் புட்டிப்பால் கொடுக்கத் தீர்மானித்தால் அவளையும் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. தாய்ப்பாலின் சிறப்பு பெரிது. அதற்காகத் தாய் அழியவேண்டும் என்பது அச்சிறப்பின் பொருளன்று.

ஆக, எதை முடிவு செய்வது என்பதற்கு எல்லா வீட்டுக்கும் ஒரே விடை இல்லை. ஆனால் எப்படி முடிவு செய்வது என்பதற்கு விடை உண்டு. மனமொப்பியும் கலந்து பேசியும் என்று திருமறை காட்டும் வழியே அது. எங்கள் வீட்டில் அன்று கலந்து பேசல் நடந்தது. ஆனால் யாருடைய உடலையும் உள்ளத்தையும் குறித்துப் பேசினோமோ அவளைத் தவிர எல்லோரும் பேசினோம். மூன்றாவது பிழையும் பெரும்பிழையும் அதுவே.

காஞ்சிப் பட்டில் கோர்வை என்றொரு நெசவு உண்டு. உடல் ஒரு நிறமும் கரை மற்றொரு நிறமுமாக வரும் அச்சேலையை நெய்ய ஒருவர் கை போதாது. உடலை நெய்பவர் தறியில் அமர, கரைக்குரிய நாடாவைப் பக்கத்திலிருந்து எறிய இன்னொருவர் வேண்டும். ஒருவர் கை பிசகினால் உடலும் கரையும் பொருந்தா. இழை அறுந்துபோனால் அவர்கள் இழையைத் திட்டுவதுமில்லை; தறியை நிறுத்தி, அறுந்த இடத்தைத் தேடி, முடிந்துவிட்டுப் பிறகே தொடர்கிறார்கள். தினமும் இதைப் பார்த்து வாழும் ஊரில், அறுந்த ஓர் இழையைப் பார்த்துப் பொறுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு நான் எழுந்து வந்தேன்.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறாக்குகிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து துணைசெய்வோர். நாம் மூன்றாவதைப் பற்றியே வாதிட்டு நான்காவதை மறந்துவிடுகிறோம். இரவில் ஒருமுறையாவது குழந்தையைத் தந்தை ஏந்திக்கொண்டு தாயை உறங்கவிடுவது நான்காவது கூறு. பெண்ணாகப் பிறந்ததா என்று கேட்க வருவோரை வாசலோடு அனுப்பிவைப்பது மாமியாரின் கூறு. மாத்திரை நேரத்துக்கு உள்ளே போகிறதா, குழந்தையின் எடை ஏறுகிறதா என்று பார்ப்பது வீட்டாரின் கூறு. துஆச் செய்வதும் அக்கூற்றைச் சேர்ந்ததே. மருந்துக்கு மாற்றாகத் துஆவை வைப்பது தவக்குல் ஆகாது. நோயைத் தந்த இறைவன் அதற்குரிய மருந்தையும் தந்திருக்கிறான், ஆகவே மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்னும் கருத்துப்பட அண்ணலார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருக்க, அம்மருந்தை அலமாரியில் பூட்டிவிட்டுக் கையேந்தியவர்கள் நாங்கள்.

வாசிக்கும் தாய்மார்க்கும் அவர்தம் வீட்டார்க்கும் பயன்படக்கூடிய சிலவற்றையும் சொல்லவேண்டும். எடின்பர்க் அளவை எனப்படும் 10 எளிய கேள்விகள் 1987ஆம் ஆண்டு வகுக்கப்பட்டவை. தமிழிலும் அவை சோதித்துப் பார்க்கப்பட்டுள்ளன. பேற்றுக்குப் பிந்திய மனச்சோர்வை ஐயுற அவை உதவும். தடுப்பூசிக்குக் குழந்தையைக் கொண்டுசெல்லும் நாளில் மருத்துவரிடம் அல்லது செவிலியரிடம் கேட்கலாம். மருத்துவமனையில் தங்கவேண்டி வந்தால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்று அஞ்சுவோர் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது என்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் தாயையும் சேயையும் ஒன்றாக வைத்து மருத்துவம் செய்யும் பிரிவு 2009இல் தொடங்கப்பட்டது. 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். இறந்துவிட நினைப்பதாகவோ குழந்தைக்கு ஊறு செய்ய எண்ணம் வருவதாகவோ ஒரு தாய் சொன்னால், அதை ஷைத்தானின் ஊசாட்டம் என்று தள்ளிவிடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். அதுவரை அவளைத் தனியே விடக்கூடாது.

அந்தப் பெண் மருந்துண்டாள், பாலும் கொடுத்தாள். அது அவளே எடுத்த முடிவு. மருத்துவர் அவளிடமும் அவள் கணவரிடமும் இரு தட்டையும் விளக்கிச் சொல்ல, கேட்டுக்கொண்டு அவள் எடுத்த முடிவு. முதல் இரு வாரம் பெரிதாக மாற்றமில்லை. வாரந்தோறும் குழந்தையை எடைபோட்டு வந்தார்கள். ஆறாவது வாரத்தில் ஒருநாள் நான் சென்றிருந்தபோது, மடியிலிருந்த குழந்தை அவள் காதணியைப் பற்றி இழுத்தது. “பாருங்கள் மாமா, இவளுக்கு என்ன வலு!” என்று அவள் குழந்தையின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். தமக்கையார் அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பிக்கொண்டார்.

பிற்பாடு ஒருமுறை நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் நல்லதென்று நினைத்துத்தானே சொன்னீர்கள் என்றாள். சற்றுநேரம் கழித்து, “அன்றைக்கு யாராவது என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்” என்றும் சொன்னாள்.

பாலா மருந்தா என்று கேட்டு யாரேனும் இனி என்னிடம் வந்தால், நான் விடை சொல்லப்போவதில்லை. அது மருத்துவர்க்கும் அவளுக்கும் உரியது. கேள்வியைக் கொண்டுவந்தவரை விட்டுவிட்டுக் கதவோரம் நிற்பவளிடம் சென்று, உனக்கு எப்படி அம்மா இருக்கிறது என்று முதலில் கேட்பேன். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமலிருக்க இறைவன் எனக்கு அருள்புரிவானாக.